கரண்டி செதுக்கியவர்களும் கிதாபு எழுதியவர்களும்

 

மத்ரஸாவின் ஆண்டு விடுமுறையில் சென்ற ஷஅபான் மாதம் வீட்டுப் பரணிலிருந்த இரும்புப் பெட்டியொன்றை இறக்கினேன். காலஞ்சென்ற என் அத்தா தச்சு வேலை பார்த்தவர். அவர் கையாண்ட வாச்சி, உளிகள், கொட்டாப்புளி, இழைப்புளி யாவும் எண்ணெய்த் துணியில் சுற்றியபடியே அதில் இருந்தன. பதினோர் ஆண்டுகளாக எவரும் அவற்றைத் தொடவில்லை. கொல்லையில் கிளை கழித்த கொய்யா மரத்தின் துண்டொன்று கிடந்தது. அதில் ஒரு மரக்கரண்டி செய்து பார்ப்போம் என்று அமர்ந்தேன்.

முதல் கரண்டி கிண்ணத்தின் நடுவே பிளந்தது. இரண்டாவதில் காம்பு ஒடிந்தது. மூன்றாவதைத் தொடங்குமுன் அத்தாவுடன் நெடுங்காலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்றேன். சிறு வயது முதல் நான் மாமா என்று அழைக்கும் ஆசாரி அவர். துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமிருந்து செதுக்குனா நார் பிச்சுக்கிட்டுத்தான் வரும் தம்பி. திருப்பிப் பிடிங்க" என்றார். திருப்பிப் பிடித்தேன். சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. அன்று தொடங்கிய பொழுதுபோக்கு இன்று வரை தொடர்கிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அரை மணி நேரம் கிடைத்தாலும் வாச்சியை எடுத்துவிடுகிறேன்.

ஒருநாள் என் மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், கடையில அம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற கரண்டிக்கு நீங்க ஏன் இவ்வளவு பாடுபடணும்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டதன்று, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. மற்றொரு நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஓதிக் கொடுக்கிற கையால ஆசாரி வேலை எதுக்கு ஹஜ்ரத்?" என்றார். மாணவரின் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல முடிந்தது. பெரியவரின் சொல் மனத்தில் தைத்தது. ஏனெனில் அதே எண்ணம் ஒரு காலத்தில் என் உள்ளத்திலும் குடியிருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

நபிமார்களின் கைத்தொழில்

ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மிகச் சுருக்கமான ஹதீஸ் அது. ஒரு நபியின் வாழ்விலிருந்து உம்மத்துக்கு நினைவூட்டத் தக்க செய்தியாக அவரது தொழிலை அண்ணலார் (ஸல்) அவர்கள் தேர்ந்தெடுத்துச் சொன்னார்கள் என்பதே நாம் ஓர்ந்துணர வேண்டியது. நூஹ் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் கட்டளைப்படி மரக்கலம் கட்டினார்கள். அப்போது அவ்வழியே சென்ற சமூகத் தலைவர்கள் அவரைப் பார்த்து நகைத்ததைக் குர்ஆன் பதிவு செய்கிறது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டது. அவர்கள் கவசம் செய்தார்கள். அரசராக இருந்தும் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்றும், ஒருவர் உண்ணும் உணவில் தம் கையால் உழைத்துப் பெற்றதைவிடச் சிறந்தது வேறில்லை என்றும் அண்ணலார் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

மதீனாவின் பள்ளிவாசலில் மிம்பர் அமைந்த செய்தியும் நமக்குத் தெரிந்ததே. தச்சு வேலை தெரிந்த ஊழியர் ஒருவரை வைத்திருந்த பெண்மணிக்கு நபியவர்கள் ஆளனுப்பினார்கள். 'அல்ஃகாபா' எனும் பகுதியில் வளர்ந்த சவுக்கு இன மரத்தால் அத்தச்சர் மூன்று படிகளுடன் மிம்பரைச் செய்து கொடுத்தார்.

அண்ணலார் நீர் அருந்திய மரக்கிண்ணம் பற்றிய செய்தி பலருக்குத் தெரிந்திராது. 'நுளார்' எனும் மரத்தால் ஆன அகலமான, அழகிய கிண்ணம் அது. பின்னாளில் அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களிடம் இருந்தது. அதில் ஏற்பட்ட விரிசல் வெள்ளியால் பிணைக்கப்பட்டிருந்தது. இரும்பு வளையம் ஒன்றும் பூட்டப்பட்டிருந்தது. அவ்வளையத்தை எடுத்துவிட்டுப் பொன்னாலோ வெள்ளியாலோ வளையம் பூட்ட அனஸ் (ரலி) விரும்பினார்கள். நபியவர்கள் செய்து வைத்த எதையும் மாற்ற வேண்டாம் என்று அபூதல்ஹா (ரலி) தடுத்தார்கள், அனஸும் விட்டுவிட்டார்கள். விரிசல் கண்ட மரப்பாத்திரத்தை எறிந்துவிடாமல் பிணைத்துப் பயன்படுத்திய இல்லம் அது.

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் நமக்குத் தடுக்கப்பட்டவை. இத்தடையால் முஸ்லிம் நாடுகளில் மண், மரம், செம்பு, கண்ணாடி ஆகியவற்றைக் கையாளும் கலைஞர்களுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. மரக்கரண்டியின் கதையும் இங்கிருந்துதான் வளர்கிறது.

கையா, கரண்டியா?

அப்பாஸிய கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் ஒருமுறை உணவு கொண்டுவரச் செய்து கரண்டிகளைக் கேட்டார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரும் தலைமை நீதிபதியுமான அபூயூசுஃப் (ரஹ், இறப்பு ஹி. 182 / கி.பி. 798) உடனிருந்தார்கள். ஆதமின் மக்களை அல்லாஹ் கண்ணியப்படுத்தினான் எனும் வசனத்துக்கு, அவர்கள் உண்பதற்கு விரல்களைக் கொடுத்தான் என்று கலீஃபாவின் மூதாதையாகிய இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கம் கூறியிருப்பதை அவர்கள் நினைவூட்டினார்கள். கொண்டுவரப்பட்ட கரண்டிகளைக் கலீஃபா திருப்பி அனுப்பிவிட்டு விரல்களால் உண்டார். ஸமக்ஷரீ (இறப்பு ஹி. 538 / கி.பி. 1144) தம் தஃப்ஸீரில் இதைக் குறிப்பிடுகிறார்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் பக்தாதில் உண்டு. புவைஹி ஆட்சிக் காலத்து வஸீர் அல்முஹல்லபீ (இறப்பு ஹி. 352 / கி.பி. 963) பாலும் அரிசியும் போன்ற உணவை உண்ணும்போது, வலப்புறம் ஒரு பணியாளர் முப்பது கண்ணாடிக் கரண்டிகளுடன் நிற்பார். வஸீர் ஒன்றை எடுத்து ஒரே கவளம் உண்டு, இடப்புறம் நிற்கும் பணியாளரிடம் கொடுத்துவிடுவார். வாயில் பட்ட கரண்டி மறுமுறை வாய்க்குச் செல்லலாகாது என்பது அவர் கொள்கை. யாகூத் அல்ஹமவீ இதைத் தம் அறிஞர் வரலாற்று நூலில் எழுதி வைத்துள்ளார்.

கரண்டியையே விலக்கிய கலீஃபாவுக்கும் முப்பது கரண்டி கேட்ட வஸீருக்கும் இடையில், கூழும் கஞ்சியும் காய்ச்சிய சாதாரண மக்களுக்கு ஒரு கரண்டி தேவைப்பட்டது. கொதிக்கும் கஞ்சியில் விரலை இட முடியாது. அந்த ஒரு கரண்டியை மரத்தில் செதுக்கிக் கொடுத்தவர்களைப் பற்றி நூல்கள் குறைவாகவே பேசுகின்றன. அவர்களைத் தேடிச் செல்வோர் அனதோலியாவுக்கு, அதாவது இன்றைய துருக்கிக்குச் செல்ல வேண்டும்.

துருக்கியரின் கஷிக்

துருக்கி மொழியில் கரண்டிக்குக் 'கஷிக்' என்று பெயர். உஸ்மானியர் காலத்தில் தாழ்வான வட்டத் தட்டைச் சுற்றி அமர்ந்து, நடுவில் வைத்த ஒரே பாத்திரத்திலிருந்து அனைவரும் உண்பர். ரொட்டியும் இறைச்சியும் விரல்களால். சூப்பும், சோறும், பழங்களை வேகவைத்த இனிப்பு நீரும் கரண்டியால். மேசையில் கத்தியும் முள்கரண்டியும் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை உண்ணும் கருவி என்றால் அது கரண்டி ஒன்றே.

கரண்டிக்கு ஏற்றதெனத் துருக்கியர் தேர்ந்தெடுத்தது 'ஷிம்ஷிர்' எனும் சிறு மரம். மிக மெதுவாக வளரும். எனவே அதன் நார் மிக நெருக்கமானது. வெளிர் மஞ்சள் நிறம். தந்தம் போன்ற வழவழப்பு. சூடான உணவில் மணமோ கசப்போ இறங்காது. இன்றைய சகாரியா மாகாணத்தில் உள்ள தாரக்லி என்னும் சிற்றூர் இம்மரத்தில் கரண்டியும் சீப்பும் செய்வதில் பெயர் பெற்றது. 'தாரக்' என்றால் சீப்பு. தொழிலின் பெயரே ஊரின் பெயராயிற்று. 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி இவ்வூரைக் கடந்து சென்றபோது மக்கள் கரண்டியும் சீப்பும் செய்வதைக் குறித்து வைத்தார். கொன்யா நகரின் கரண்டிகள் வேறு வகை: வண்ணம் தீட்டி, எழுத்தும் பூவும் வரைந்து, அரக்குப் பூசி மெருகேற்றியவை.

செல்வர்களின் கரண்டிகளும் இருந்தன. ஆமை ஓடு, முத்துச் சிப்பி, தந்தம் ஆகியவற்றால் கிண்ணம்; பவளம் பதித்த காம்பு. அவற்றுள் ஒரு வகை நமக்குக் கேட்க வியப்பாக இருக்கும்: தேங்காய்ச் சிரட்டைக் கரண்டி. தென்னை வளராத நாட்டில் அது கடல் கடந்து வந்த அரும்பொருள். துருக்கியர் தேங்காயை 'இந்திய அக்ரூட்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அதைக் கடைந்து, மெருகேற்றி, விலை உயர்ந்த காம்பில் பூட்டினர். நம் நன்னிமார்கள் சிரட்டையில் இரு துளையிட்டு மூங்கில் காம்பைச் செருகி அகப்பையாக அடுப்படியில் சொருகி வைத்த அதே பொருள், இஸ்தான்பூல் மாளிகைகளில் அரும்பொருளாகப் போற்றப்பட்டது.

உஸ்மானியப் பேரரசின் காலாட்படையாகிய ஜானிசரிகள் கரண்டிக்குக் கொடுத்த இடம் வேறெங்கும் காண முடியாதது. படைப்பிரிவின் சின்னம் கொடியன்று. சமைக்கும் பெரிய தேக்சா. பிரிவின் தலைவருக்குச் 'சோர்பாஜி', அதாவது சூப்புக்காரர் என்று பட்டம். வீரர்களின் உயரமான தொப்பியின் முன்புறம் கரண்டி செருகுவதற்கென்றே உறை ஒன்று இருந்தது. சுல்தானின் உணவை ஏற்கிறோம் என்பது விசுவாசத்தின் அடையாளம். தேக்சாவைக் கவிழ்த்தால் கிளர்ச்சி தொடங்கிற்று என்று பொருள். கி.பி. 1826இல் அப்படை கலைக்கப்படும்வரை இவ்வழக்கம் நீடித்தது.

இஸ்தான்பூலின் தோப்காபி அரண்மனைக் காட்சியகத்தில் 86 காரட் எடையுள்ள வைரமொன்று உள்ளது. அதைச் சுற்றி 49 சிறு வைரங்கள். 'கரண்டிக்காரரின் வைரம்' என்று அதற்குப் பெயர். ஏழை ஒருவர் குப்பைமேட்டில் கண்டெடுத்த கல்லைக் கரண்டி செய்பவரிடம் கொடுத்து மூன்று மரக்கரண்டிகள் வாங்கிச் சென்றார் என்று மக்கள் கதை சொல்வர். கதை உண்மையோ இல்லையோ, கல்லின் மதிப்பு அறியாத அந்த ஏழைக்கு மூன்று கரண்டிகளின் மதிப்பு தெரிந்திருந்தது.

கரண்டி செய்பவரைக் குறிக்கும் துருக்கிச் சொல் அரபு மொழியில் 'கஷோக்ஜி' என ஆகும். அப்பெயர் தாங்கிய, துருக்கி வழிவந்த குடும்பமொன்று சவூதி அரேபியாவில் புகழ்பெற்றது. அக்குடும்பத்தவர் ஒருவர் மன்னர் அப்துல் அஸீஸின் மருத்துவராக இருந்தார். மருத்துவரான பின்னும் அக்குடும்பம் 'கரண்டிக்காரர்' எனும் பெயரைக் களைந்துவிடவில்லை.

அகிகளின் விருந்து

மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவை நம்மவர் அறிவர். கி.பி. 1340களில் மதுரை சுல்தானின் நாட்டுக்கும் வந்தவர் அவர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1330களின் தொடக்கத்தில் அவர் அனதோலியாவில் பயணம் செய்தார். அன்தாலியா நகரில் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் பழைய ஆடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து, இப்னு பதூதாவையும் உடன் வந்தோரையும் விருந்துக்கு அழைத்தார். இவ்வளவு எளிய மனிதர் எவ்வாறு விருந்து கொடுப்பார், அவருக்குச் சிரமம் தர வேண்டாமே என்று இப்னு பதூதா தயங்கினார். மொழிபெயர்த்தவர் சிரித்தார். வந்தவர் தோல் தைக்கும் தொழிலாளி, அகிகளின் தலைவர், பல்வேறு தொழில் செய்யும் ஏறத்தாழ இருநூறு பேர் அவரைத் தலைவராக ஏற்றுள்ளனர் என்று விளக்கினார்.

அகிகள் என்போர் கைத்தொழிலாளர்களின் சகோதரக் கூட்டமைப்பினர். பகலெல்லாம் உழைத்துத் தேடியதை அஸருக்குப் பின் தலைவரிடம் கொண்டு வந்து சேர்ப்பர். அதில் உணவும் பழங்களும் வாங்குவர். வழிப்போக்கர் வந்தால் விருந்து அவருக்கு. எவரும் வராவிட்டால் தாமே கூடி உண்டு, மறுநாள் காலை தொழிலுக்குத் திரும்புவர். இவர்களைப் போல் அந்நியரை உபசரிப்போரை உலகில் எங்கும் கண்டதில்லை என்னும் கருத்துப்பட அப்பயணி வியந்து எழுதினார்.

அகி மரபில் பெரிதும் போற்றப்படுபவர் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அகி எவ்ரான். கிர்ஷெஹிர் நகரில் அவரது அடக்கத்தலம் உள்ளது. அவருடைய தொழில் தோல் பதனிடுதல். பின்னாளில் உஸ்மானியத் தொழிற்குழுக்கள் அவரைத் தம் வழிகாட்டியாகக் கொண்டன. தொழில் பழக வருவோர் ஆண்டுக்கணக்கில் ஆசிரியரிடம் பணிந்து கற்பர். தேர்ந்தபின் சபையோர் முன்னிலையில் இடுப்பில் கச்சை கட்டி, துஆ ஓதி, தொழில் செய்ய அனுமதி வழங்குவர். மோசமான பொருளை நல்லதென்று விற்றவருக்கு அச்சபையில் இடமிருக்காது. மத்ரஸாவில் பட்டம் பெறும் ஆலிமுக்குத் தலைப்பாகை கட்டுகிறோமே, அதைப் போன்றதொரு மரியாதை அங்கே கைவினைஞருக்கும் இருந்தது.

அரண்மனையும் இதற்கு விலக்கன்று. உஸ்மானிய இளவரசர்கள் ஒரு கைத்தொழிலாவது கற்பது மரபாக இருந்தது. சுலைமான் கானூனி பொற்கொல்லர் வேலை கற்றவர். 1876 முதல் 1909 வரை ஆண்ட இரண்டாம் அப்துல் ஹமீத் தேர்ந்த தச்சர். யில்டிஸ் அரண்மனையில் அவருக்கென்று தச்சுப் பட்டறை இருந்தது. அவர் செய்த மேசைகளும் அலமாரிகளும் இன்றும் காட்சியகங்களில் உள்ளன.

கிதாபில் படித்ததும் வீட்டில் நடந்ததும்

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் உடன் ஓதும் மாணவர்கள், "உங்க அத்தா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "மரக்கடை வச்சிருக்காங்க" என்பேன். பொய். அத்தா மரக்கடையில் தினக்கூலிக்குக் கதவும் சன்னலும் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் என்னைப் பார்க்க அவர் வந்தபோது, நண்பர் ஒருவர் மரியாதையுடன் எழுந்து நின்று, "உங்க கடை எந்த வீதியில இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அத்தா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நான் அங்க வேலைக்குப் போறவன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அதன்பின் என்னிடம் ஒருபோதும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி கிடைத்திருக்கும். அவர் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை.

அதே ஆண்டு என் அக்காவைப் பெண் பார்க்க ஒரு குடும்பத்தார் வந்தனர். எல்லாம் பேசி முடிந்த நிலையில், "தம்பி ஓதுறது சந்தோஷம்தான். ஆனா அத்தா தச்சு வேலையில்ல பாக்குறாங்க" என்று இழுத்து, நின்றுபோயிற்று. வீட்டில் எவரும் அழவில்லை. அத்தா மறுநாள் வழக்கம் போலப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றார்.

அந்த நாட்களில் நாங்கள் ஓதிக்கொண்டிருந்த பாடம் நிகாஹ் அத்தியாயத்தில் 'கஃபாஅத்', அதாவது மணமக்களின் பொருத்தம். இமாம் மர்ஃகீனானீயின் (இறப்பு ஹி. 593 / கி.பி. 1197) ஹிதாயா நூலில் தொழிலும் பொருத்தத்தில் கவனிக்கப்படுமா எனும் ஆய்வு வருகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடமிருந்து இரு வகை அறிவிப்புகள் உள்ளன. மிகவும் தாழ்வாகக் கருதப்படும் தொழிலாக இருந்தால் அன்றித் தொழிலைக் கவனிக்க வேண்டியதில்லை என்று அபூயூசுஃப் (ரஹ்) சொன்னதாகவும் வருகிறது. அதற்கு எடுத்துக்காட்டாகக் குருதி உறிஞ்சி எடுப்பவர், நெசவாளர், தோல் பதனிடுபவர் ஆகியோர் குறிப்பிடப்படுகின்றனர். தச்சர் அப்பட்டியலில் இல்லையே என்று அன்று ஒரு கணம் ஆறுதல் கொண்டேன். அடுத்த கணமே, நெசவாளரின் மகன் ஒருவர் இதே வகுப்பில் என்னருகில் அமர்ந்திருக்கிறாரே என்ற எண்ணம் வந்தது. அவர் குனிந்த தலை நிமிராமல் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் இமாம்கள் தொழிலாளரை இழிவுபடுத்த இதை எழுதவில்லை. ஊர் வழக்கில் ஒரு தொழில் தாழ்வாகக் கருதப்படுமானால், மணவாழ்வில் அதனால் பூசல் எழலாம். பெண்ணுக்கும் அவள் குடும்பத்துக்கும் அதனால் வருத்தம் நேரலாம் என்பதே அவர்களின் கவலை. பொருத்தம் என்பது மார்க்கப் பற்றே என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முதன்மைப்படுத்தினார்கள். ஹனஃபீ மத்ஹபிலேயே பல ஆண்டுகள் கழித்து, ஹிதாயாவுக்கு விரிவுரையாக ஃபத்ஹுல் கதீர் எழுதிய இமாம் இப்னுல் ஹுமாம் (இறப்பு ஹி. 861 / கி.பி. 1457) செய்த ஒரு விளக்கத்தைப் படித்தபோதுதான் என் நெஞ்சின் கனம் இறங்கியது. இச்சட்டத்துக்குக் காரணம் மக்கள் வழக்கில் உள்ள தாழ்வெண்ணமே. ஆகவே வழக்கு மாறினால் சட்டமும் உடன் மாறும். அலெக்ஸாண்டிரியா நகரில் நெசவுத் தொழில் நன்மதிப்புடன் போற்றப்படுகிறது. எனவே அங்கே நெசவாளர் நறுமணப் பொருள் வணிகருக்கு இணையானவராகவே கொள்ளப்பட வேண்டும். இதுவே அவர்களின் விளக்கத்தின் சாரம்.

அதே ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றிய அனதோலியாவில்தான், அப்பட்டியலில் இடம்பெற்ற தோல் பதனிடுபவராகிய அகி எவ்ரான் கைத்தொழிலாளர் அனைவருக்கும் தலைவராக உயர்ந்தார். நம் நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் தோல் தொழிலால் வளர்ந்த முஸ்லிம் குடும்பங்களை எவரேனும் இன்று தாழ்வாக எண்ணுவார்களா? அங்கே பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் அத்தொழிலின் பொருளால் எழுந்தன. வழக்கு மாறிற்று, பார்வையும் மாறிற்று.

நாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கிதாபுகளின் ஆசிரியர் பெயர்களைச் சற்றே கவனியுங்கள். வக்ஃபுச் சட்டங்களை எழுதிய இமாம் அல்கஸ்ஸாஃப் (இறப்பு ஹி. 261) என்றால் செருப்புத் தைப்பவர் என்று பொருள், அவர்கள் அந்தக் கை உழைப்பிலேயே உண்டு வாழ்ந்தார்கள். குர்ஆனின் சட்ட வசனங்களுக்கு விரிவுரை எழுதிய அல்ஜஸ்ஸாஸ் (இறப்பு ஹி. 370) என்றால் சுண்ணச்சாந்து பூசுபவர். ஆண்டுதோறும் நாம் பாடம் நடத்தும் அல்குதூரீ (இறப்பு ஹி. 428) எனும் பெயர் பானைகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அல்ஹல்வானீ என்றால் ஹல்வா விற்பவர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் நம் சகோதரர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் அல்கஃப்பால் அல்மர்வஸீ (இறப்பு ஹி. 417) முப்பது வயது வரை பூட்டுச் செய்துகொண்டிருந்தவர். அதன் பிறகே ஓத வந்து குராசானின் தலைமை அறிஞரானார். கஃப்பால் என்றால் பூட்டுத் தொழிலாளி. இவர்களுள் எவரும் 'பூட்டுக் கடை வைத்திருந்தோம்' என்று மாற்றிச் சொல்லவில்லை. அத்தொழிற்பெயர்களுடனேயே இன்றும் அவர்களுக்கு ரஹ்மத்துல்லாஹி அலைஹி சொல்கிறோம்.

நம் இல்லங்களில்

சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். மகளுக்கு வந்த வரன் தொழுகையாளி, நல்ல பழக்கம், நிறைவான வருமானம். "ஆனா மரவேலை பாக்குற பையன் ஹஜ்ரத். குஃப்வு சரியா வருமா?" என்றார். நான் இப்னுல் ஹுமாமின் விளக்கத்தைச் சொன்னேன். பிறகு, "உங்க கண்ணுக்கு அது குறைவா இல்லேன்னா சட்டத்துலயும் குறைவு இல்லை. குறைவா தெரியுதுன்னா, அதை மாத்திக்கிற இடம் உங்க மனசுதான்" என்றேன். அவர் என்ன முடிவு செய்தார் என்பது அவர் குடும்ப விஷயம். ஆனால் அந்தப் பதிலை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுக்காகச் சொல்ல ஒருவர் இருந்திருக்கலாம் என்று அன்றிரவு எண்ணினேன். அல்ஹம்துலில்லாஹ், அக்காவுக்குப் பின்னர் நல்ல இடம் அமைந்தது.

மரக்கரண்டி செய்யக் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு நான் அனுபவத்தில் அறிந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். காய்ந்த மரத்தைவிட, வெட்டிச் சில நாட்களே ஆன பச்சை மரம் செதுக்க எளிது. கொய்யா, பலா, வெப்பாலை ஆகியவை ஏற்றவை. வேம்பு உறுதியானதே, ஆயினும் தொடக்கத்தில் கசப்பு இறங்கும். துண்டை நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து, அந்த மையப் பகுதியை நீக்கிவிட வேண்டும். என் முதல் கரண்டி பிளந்ததற்கு அதை நீக்காததே காரணம். வாச்சியால் புற வடிவைக் கொண்டுவந்து, வளைந்த உளியால் கிண்ணத்தை நாருக்குக் குறுக்காகக் குடைய வேண்டும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். மரத்தூளுக்குள் புதைத்து நிழலில் வைத்தால் மெதுவாக உலரும். பிறகு உப்புத்தாள் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசலாம். சிறுவர்கள் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே கருவியைத் தொட வேண்டும். கத்தியின் பாதையில் மறுகை ஒருபோதும் இருக்கலாகாது. என் இடக்கைப் பெருவிரலில் உள்ள தழும்பு இதற்குச் சான்று.

ஒவ்வொரு கரண்டிக்கும் எனக்கு நான்கைந்து மாலைகள் ஆகின்றன. அந்த மாலைகளில் அத்தா ஒரு நாளில் எத்தனை சட்டம் இழைத்திருப்பார், அந்தக் கூலியில் எத்தனை கிதாபு எனக்கு வாங்கித் தந்தார் என்று கணக்குப் பார்க்கிறேன். அவர் என்னைத் திருத்திச் சொல்லாமல் விட்ட அந்தப் பொய்க்காக இஸ்திஃபார் செய்கிறேன். அவருக்காக துஆ செய்கிறேன். எங்கள் மஹல்லா பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய தேக்சாவைத் துழாவ நீண்ட மரத்துடுப்பு ஒன்று உண்டு. அதைச் செய்தவர் அத்தா. இத்தனை ரமலான்களில் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இவ்வாண்டுதான் முதன்முறையாக மாணவர்களிடம், "இது எங்க அத்தா செஞ்சது. அவங்க தச்சு வேலை பார்த்தாங்க" என்று சொன்னேன்.

ஹலாலான உழைப்பால் தம் குடும்பத்தைக் காத்த நம் பெற்றோர் அனைவரின் பிழைகளையும் பொறுத்து, அவர்களின் கப்றுகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! உழைக்கும் கைகளை மதிக்கும் உள்ளங்களை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக! ஆமீன்.